ஆறப் பொறுத்தல்

அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலைந்து நாள் கழிந்திருந்த ஒரு மாலைப்பொழுதில், செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கமுள்ள எங்கள் வீட்டு அடுக்களையில், காய்ச்சிய பாலை இறக்கி வைத்துவிட்டு, உறை ஊற்றும் பக்குவத்துக்கு அது ஆறட்டும் என்று என் தங்கை காத்துக்கொண்டிருந்தாள். மெல்போர்ன் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவள் மகன், காத்திருப்பதைக் கண்டாலே கை துறுதுறுக்கும் வயதினனாகையால், "ஏம்மா, பாத்திரத்த ஒரு வாளித் தண்ணியில வெச்சா சீக்கிரம் ஆறிடுமே" என்றான். "வாளித் தண்ணியே கொதிக்குது, அதுல வெச்சு என்னடா ஆறும்? மூடி வெச்சுட்டு அந்தண்ட போ, தானா ஆறும்" என்று அவள் சொல்ல, அவன் என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "மாமா, நான் அங்க வீட்டுல பீர் காய்ச்சறப்போ பண்றதும் இதேதான்" என்றான். பீர் என்ற சொல் காதில் விழாதது போல என் தங்கை தயிர்க் கிண்ணத்தை எடுக்கப் போய்விட்டாள்.

அன்று அவன் சொல்லிய விஷயம் சிறியதுதான். ஆயினும் அதைப் பற்றிக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு தமிழ்ப் பாட்டுவரை போய் வர நேர்ந்தது.

பீரைப் புட்டியிலே கண்டவர் பலர். அது அடுப்பிலே எப்படிப் பிறக்கிறது என்று கண்டவர் நம்மிற் சிலரே. குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைக்கும் பொருட்டுக் கேழ்வரகை நனைத்து, துணியில் கட்டி, முளை வந்தபின் உலர்த்தி வறுக்கிறோம் அல்லவா, அதே கிரியையைப் பார்லி தானியத்துக்குச் செய்தால் கிடைப்பது மால்ட். முளைக்கும் தானியம், தன்னுள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றவல்ல நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளுகிறது. மால்ட்டைப் பொடித்து, ஏறத்தாழ 65 பாகை சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அந்நொதிகள் தம் வேலையைச் செய்து முடித்துவிட, நீர் பாகுபோல இனிக்கிறது. இதை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்பான பூக்களை இட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைக்கிறார்கள். இந்த இனிப்பும் கசப்புமான நீருக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் வோர்ட். நம்முடைய வழக்கில் கஷாயம் என்றாலே போதும், அதையே இனிச் சொல்லுவேன். கஷாயம் ஆறியபின் அதில் ஈஸ்ட் இடுகிறார்கள். கொதிக்கும் பாலில் உறையூற்றினால் தயிர் வராது. அதுபோலவே சூடான கஷாயத்தில் இட்ட ஈஸ்ட்டும் மாண்டுபோம். ஆகவே, ஆறத்தான் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எவ்வளவு விரைவில் ஆற வேண்டும் என்பதுதான் வழக்கு.

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு அனுமதியுள்ள தேசங்களில் எழுதப்பட்ட கைந்நூல்கள் பலவும், அடுப்பை அணைத்த கையோடு கஷாயத்தை அரைமணி நேரத்துக்குள் குளிரச் செய்துவிட வேண்டும் என்று ஒரு விதியாகவே சொல்லி வந்திருக்கின்றன. இதற்கென்று ஒரு தாமிரக் குழாய்ச் சுருள் உண்டு. அதைக் கஷாயத்தினுள் இறக்கி, குழாய்க்குள் தண்ணீரை ஓடவிட்டால், தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். குளிர்தேசத்தில் இது மெத்த எளிது. குழாயில் வரும் தண்ணீர் 12 பாகையும், வெளியேறும் தண்ணீர் சராசரி 40 பாகையும் இருக்குமானால், 20 லிட்டர் கஷாயத்தைக் கொதிநிலையிலிருந்து 20 பாகைக்குக் கொண்டுவர 57 லிட்டர் தண்ணீர் போதும் என்று கணக்கு வருகிறது.

அதே சுருளைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். வைகாசி மாதத்து மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரை விட்டுவிட்டு, நிழலான கிணற்றிலிருந்து 30 பாகையில் தண்ணீர் கிடைப்பதாகவே வைத்துக்கொள்ளுவோம். அது 45 பாகையில் வெளியேறினால், ஒரு லிட்டர் எடுத்துச் செல்லும் வெப்பம் 15 கிலோகலோரி. 20 லிட்டர் கஷாயத்தை 35 பாகைக்கு இறக்க அகற்றவேண்டிய வெப்பமோ 1300 கிலோகலோரி. ஏறத்தாழ 87 லிட்டர், அதாவது ஆறு குடம் தண்ணீர், கால்வாயோடு போகும். கஷாயம் ஆற ஆற வெளியேறும் நீரின் சூடும் குறைந்துகொண்டே வருமாதலால் உண்மையில் இதற்கு மேலும் செலவாகும். அத்தனை செலவுக்குப் பின்னும், உள்ளே வரும் தண்ணீரைக் காட்டிலும் கஷாயம் ஒரு பாகை கூடக் குளிர்ந்திருக்க முடியாது. அது சுருளின் குற்றமன்று, இயற்கையின் நியதி. சாதாரண ஏல் வகை ஈஸ்ட்டு விரும்புவதோ 18 முதல் 22 பாகை. எஞ்சிய பத்துப் பாகைக்கு எங்கே போவது?

தண்ணீரின் அருமையை இந்தப் பிரதேசத்தாருக்கு யாரும் சொல்ல வேண்டுவதில்லை. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி ஆகிய ஏரிகள் வறண்டு, சென்னை நகரம் லாரித் தண்ணீருக்காக இரவெல்லாம் விழித்திருந்ததை மறந்துவிடவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013ஆம் ஆண்டு முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தருவதற்கென்று அமைந்தது. பதினைந்து கோடி லிட்டர் தரும் இன்னோர் ஆலை 2024இல் அதன் பக்கத்தில் திறக்கப்பட்டது. கடலையே காய்ச்சாத குறையாகப் பிழிந்து நீரெடுக்கும் கரையில், ஆறு குடத்தைச் சாக்கடையில் விட்டுக் கஷாயத்தைக் குளிர்விப்பது என்பதை நினைத்தாலே மனம் கூசுகிறது.

என் மருமகன் வாழும் ஆஸ்திரேலியாவிலும் இந்தக் கூச்சம் ஒரு காலத்தில் வந்தது. 1997 முதல் 2009 வரை அத்தேசத்தை வாட்டிய நெடிய வறட்சியில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதற்குக் கூட நாளும் கிழமையும் குறித்துக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்ட ஊர்களில், பீர் காய்ச்சும் இல்லத்தார் பலர் தாமிரச் சுருளை மூலையில் போட்டுவிட்டார்கள். அவர்கள் கைக்கொண்ட முறை இது: அடுப்பை அணைத்தபின் சற்றுத் தெளியவிட்டு, கொதிப்பின் சூடு தணியுமுன்னே கஷாயத்தைத் தடித்த பிளாஸ்டிக் கேன் ஒன்றில் விளிம்புவரை நிரப்பி, கேனை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி, மூடியின் உட்புறமும் பிடியும் சூடேறும்படி கேனைச் சாய்த்துப் புரட்டி வைத்து, பிறகு அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிடுவது. மறுநாள் அது அறையின் சூட்டுக்கு வந்திருக்கும். திறந்து ஈஸ்ட் இடவேண்டியதுதான். பழச்சாறு ஆலைகளில் சூட்டோடு புட்டியில் அடைக்கும் முறையும் இதற்குச் சகோதரம். கஷாயத்தின் சூடே கேனைத் தூய்மை செய்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம்.

என் தங்கை பாலுக்குச் சொன்னதும் இதுவன்றி வேறில்லை. ஆனால் அவள் பால் இரண்டு மணி நேரத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும். 20 லிட்டர் கேனோ ஓர் இரவையும் அடுத்த பகலின் பெரும் பகுதியையும் விழுங்கும். அளவு பெருகப் பெருக, வெப்பம் வெளியேறுதற்கு உரிய புறப்பரப்பு அந்த விகிதத்தில் பெருகுவதில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தினால் சற்று விரையும். அதுவும், செங்கல்பட்டின் வறண்ட பகற்காற்றில் மண்பானை நீர் சில்லிடுவதைப் போல, மாமல்லபுரத்துக் கரையில் சில்லிடாது. அங்கே கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து வருவதால், சாக்கின் ஈரத்தை எடுத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேதம் நாக்கிலேயே தெரியும்.

இங்கேதான் அந்தப் பழைய பாட்டு நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. 500 அடிகள் கொண்டது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்குத் தொண்டைநாட்டின் ஊடே வழி சொல்லிக்கொண்டு போகிறான். இடைவழியில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகப் பட்டினம் வருகிறது. அங்கே கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கமும் வருகிறது. அப்பட்டினம் இன்றைய மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர் உண்டு. அத்துறையை அடையுமுன், வலைஞர்களின் குடியிருப்பில் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுமிடத்தில், புலவர் ஒரு மது வடிக்கும் முறையை, ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவர்போல, படிப்படியாகச் சொல்லிவிடுகிறார்.

குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகிறார்கள். அகன்ற வாயையுடைய பிழா என்னும் தட்டுப் பாத்திரத்தில் அதைப் பரப்பி ஆற்றுகிறார்கள். நன்றாக ஆறிய பின்னர், முளையை இடித்துச் செய்த அடையை அதில் கலக்கிறார்கள். முளை என்று விளக்கம் தருபவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன; வலிய வாயையுடைய சாடியில் அது முற்றி விளைகிறது; பிறகு அரித்து, விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினனுக்குக் கொடுக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் இப்பாட்டையும் உரையையும் 1889இல் அச்சேற்றாதிருந்தால், இந்தச் சமையற்குறிப்பு எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லமுடியாது.

இதை நான் விவரித்ததும் என் மருமகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "மாமா, அதுல மால்ட் இருக்கு, அகலமான தட்டு இருக்கு, ஆறின அப்புறம்தான் கலக்கறாங்க. இது பீரேதான்!" பீரேதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், அரிசியில் பிறந்து, ஹாப்ஸ் அறியாத ஒரு பானம் அது. ஆனால் தானியத்தைக் காய்ச்சி, ஆற்றி, முளையிட்டு, புளிக்கவைப்பது என்ற வரிசை பிசகாமல் இருக்கிறது. முளையை ஆறிய பின்னர்க் கலப்பதற்கும் காரணம் உண்டு. கொதிக்கும் கூழில் இட்டிருந்தால், மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் வெந்து வீணாகியிருக்கும். நொதி என்ற பெயரை அறியாதவர்கள் அதன் ஸ்வபாவத்தை அறிந்திருந்தார்கள்.

புலவர் அங்கே ஆளும் வினைச்சொல்லைக் கவனிக்கவேண்டும். டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் காப்பியை எதற்காக மாற்றி மாற்றி ஊற்றுகிறோமோ, அந்த ஆற்றுதலேதான். இதே சொல், தலைவன் பிரிந்த காலத்தில் தலைவி துயரைப் பொறுத்திருப்பதற்கும் அகப்பொருள் இலக்கணத்தில் வழங்குகிறது, ஆற்றியிருத்தல் என்பார்கள். சூடு தணிவிப்பதும் பொறுத்திருப்பதும் தமிழனுக்கு ஒரே சொல்லாய் அமைந்தது தற்செயலோ அல்லவோ, ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

அகன்ற தட்டில் பரப்பி, திறந்த வெளியில் ஆற்றும் இம்முறைக்கு ஐரோப்பாவிலும் ஒரு தாயாதி உண்டு. பெல்ஜிய தேசத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரைச் சூழ்ந்த ஸென் நதிப் பள்ளத்தாக்கில், லாம்பிக் என்ற பீரைச் செய்வோர், கஷாயத்தை மேல்மாடியில் ஒரு முழ ஆழமும் இல்லாத பெரிய உலோகத் தொட்டியில் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, இரவெல்லாம் ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் அவர்கள் இடுவதில்லை. காற்றிலும் மரக்கூரையிலும் வாழும் காட்டு ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் தாமாகவே வந்து குடியேறுகின்றன. ஆண்டர்லெக்டில் 1900இல் தொடங்கிய காந்தியோன் என்ற ஆலை இன்னமும் இப்படித்தான் செய்துவருகிறது; குளிர்காலத்தில் மாத்திரம் செய்கிறது. கோடையில் ஜன்னலைத் திறந்தால் வேண்டாத விருந்தாளிகள் முந்திக்கொள்ளுவார்கள்.

வேண்டாத விருந்தாளிகளுக்கு அஞ்சியே அவசரம் பிறந்தது. பீர் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்து லூயி பாஸ்டர் 1876இல் ஒரு நூல் எழுதினார். காற்றோடு வரும் நுண்ணுயிர்களே காரணம் என்று காட்டினார். 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்ஸன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். இவ்விரண்டுக்கும் சற்று முன்பின்னாக, கார்ல் ஃபான் லிண்டே மியூனிக்கிலே பீர் ஆலைகளின் பொருட்டுக் குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கும் அவர் ஒருவகையில் பாட்டனார். அதன்பின், திறந்த தட்டில் இரவு முழுதும் ஆறவிடுவது அநாகரிகம் என்றும், குழாயும் குளிர்நீருமாக நிமிஷங்களில் குளிர்விப்பதே சாஸ்திரம் என்றும் ஆயிற்று. ஆலைகளுக்கு அது முழுக்க நியாயமே. அவர்களுக்கு அடுத்த கொப்பரை காத்திருக்கிறது.

நம் ஊர்க் கதையோ, குளிர்ச்சி எங்கே கிடைக்கும் என்று தேடிப்போன கதை. பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டியூடர் என்ற வணிகர், அந்நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார். சென்னையில் அதைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான், பின்னர் விவேகானந்தர் தங்கியதனால் புனிதம் பெற்று, விவேகானந்தர் இல்லமாக மெரீனாவில் நிற்கிறது. அப்பனிக்கட்டி துரைமார்களின் கோப்பைக்குப் போதுமாயிருந்ததேயன்றி ஆலைக்குப் போதாது. ஆகவே பீர் காய்ச்ச நினைத்த வெள்ளைக்காரர், சமவெளியை விட்டு மலையேறினார்கள். வடக்கே கசௌலியிலும், தெற்கே நீலகிரியிலும் ஆலைகள் எழுந்தன. நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்த சில ஆலைகளை இணைத்து 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் தொடங்கியதே யுனைடெட் புரூவரீஸ். செங்கல்பட்டு ஜில்லாவின் கடற்கரையை அக்காலத்தில் இதற்காக எவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் இக்கரைக்கு இருந்ததில்லை என்பது வேறு விஷயம். திருக்கழுக்குன்றத்தின் வழியாகச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலையில், வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் பனைகளைப் பாருங்கள். பனையின் பாளையில் சொட்டும் சாறு, முளைகட்டாமலே இனிப்பு; காய்ச்சாமலே புளிக்கும்; காற்றின் ஈஸ்ட்டு மரத்தின் உச்சியிலே கலயத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். அடுப்பு இல்லாத இடத்தில் ஆற்றுவதற்கு என்ன இருக்கிறது? உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் அது புளிக்காது பதநீராகும், தடவாவிட்டால் கள்ளாகும். கள்ளை இறக்குதல் 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைப்பட்டிருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனத்தில் காஞ்சித் தெருவிலே தள்ளாடும் காபாலிகனைக் காட்டி நகைத்தானே, அவனுடைய கபாலத்தில் இருந்தது அரிசி மதுவோ பனங்கள்ளோ என்பது என் மருமகனுக்கும் எனக்கும் இடையே இன்னும் தீராத விவாதம்.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததனால், சொல்லவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜாஜி முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் முதல் தேதி அமுலாக்கிய மதுவிலக்குச் சட்டம், பலமுறை திருத்தம் பெற்று, இன்றும் இருக்கிறது. அரசாங்கத்தின் உரிமம் இன்றி மது உற்பத்தி செய்வது, வீட்டின் பின்கட்டில் ஒரே ஒரு கேனாயினும், தமிழ்நாட்டில் குற்றம். பிரிட்டனில் 1963லும், அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1978லும் இல்லத்தார்க்குக் கிடைத்த அனுமதி இங்கே கிடைத்ததில்லை. ஆகையால் நான் எழுதுவது ஒரு விஷய விளக்கமே. அடுப்பு மூட்டுவதற்கான அழைப்பன்று.

இனி, அவசரத்தின் கட்சியார் சொல்லும் ஆக்ஷேபங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, மெதுவாக ஆறும் கஷாயத்தில் கிருமி புகுந்துவிடும் என்பது. திறந்த பாத்திரத்துக்கு இது முற்றிலும் உண்மை. சூட்டோடு மூடிய கேனில், புகுவதற்கு வழியில்லை என்பதால், இந்த ஆக்ஷேபம் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது.

இரண்டாவது ஆக்ஷேபம் வாசனை பற்றியது. முளைத்த பார்லியில் உள்ள ஒரு பொருள், சூட்டில் சிதைந்து, டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மமாகிறது; வெந்த முட்டைக்கோஸின் நாற்றம் அது. கொதிக்கும்போது ஆவியோடு ஓடிவிடும். அடுப்பு அணைந்தபின்னும் சூடு நீடித்தால் அது தோன்றிக்கொண்டே இருக்கும், கேனோ மூடியிருக்கிறது, எங்கே போகும்? வெளிறிய மால்ட்டில் இத்தொல்லை மிகுதி. நன்கு வறுபட்டதில் குறைவு. மூடியில்லாமல் ஒன்றரை மணி நேரம் பலமாகக் கொதிக்கவிட்டால், மூலப்பொருளே பெரிதும் தீர்ந்துவிடுகிறது என்பது கேன் கட்சியாரின் மறுமொழி. என் மருமகனுக்கு அந்நாற்றம் இதுவரை வந்ததில்லையாம். அவன் வறுபட்ட மால்ட்டையே விரும்புகிறவன், ஆகவே அவன் சாட்சியத்தை நான் அரைச் சாட்சியமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

கசப்பைப் பற்றிய ஆக்ஷேபம் மிகவும் மெய்யானது. ஹாப்ஸ் பூவின் அமிலம், 80 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உருமாறிக் கசப்பாகிறது. கடைசி நிமிஷங்களில் மணத்துக்காக இட்ட பூக்கள், விரைவில் குளிர்வித்தால் மணமாகவே நின்றுவிடும். கேனில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சூட்டில் கிடந்தால், மணத்தை இழந்து கசப்பைக் கூட்டும். ரசத்துக்குக் கொத்தமல்லித் தழையை இறக்கும்போது போடுவதற்கும் கொதிக்கையிலேயே போடுவதற்கும் உள்ள வேற்றுமை என்று கொள்ளலாம். இதற்கு அவர்கள் கண்ட உபாயம், பூவை இருபது நிமிஷம் தாமதித்து இடுவது, அல்லது மணத்துக்குரியதைப் பீர் புளிக்கும் வேளையில் இடுவது. கலங்கல் பற்றிய குற்றச்சாட்டும் ஒன்று உண்டு: திடீரென்று குளிர்ந்தால் புரதம் திரிந்து அடியில் தங்கும், மெதுவாக ஆறினால் பீர் மங்கலாய் இருக்கும் என்பார்கள். கண்ணுக்குத்தான் குறை, நாவுக்கில்லை.

எனினும் ஓர் ஆக்ஷேபத்தை எளிதாகத் தள்ளக்கூடாது. பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி, வித்து உருவிலே உறங்குகையில், கொதிநீரிலும் சாவதில்லை. அதை அழிக்க, அழுத்தம் கூட்டி 121 பாகைக்குச் சூடேற்ற வேண்டும். அவ்வித்து விழித்தெழக் காற்றற்ற இடமும், பி.ஹெச். என்னும் அமில அளவுகோலில் 4.6க்கு மேற்பட்ட மென்புளிப்பும் போதும். கஷாயத்தின் அளவு 5ஐ ஒட்டியே இருக்கிறது. மூடிய கேனில் காற்றும் இல்லை. மாங்காய் ஊறுகாயை அதன் புளிப்பும் உப்பும் காக்கின்றன; இனித்த கஷாயத்துக்கு அவ்வித அரண் கிடையாது. ஈஸ்ட் இட்டபின், அது பெருகிப் புளிப்பை ஏற்றி, மதுவையும் உண்டாக்கி, கதவைச் சாத்திவிடுகிறது. ஆகவே ஆறும்வரை பொறுப்பது ஒன்று. ஆறியபின் நேரமில்லை என்று கேனை வாரக்கணக்கில் மூலையில் போட்டுவைப்பது மற்றொன்று. சிலர் மாதக்கணக்கில் வைத்திருந்து, ஒன்றும் நேரவில்லை என்று பெருமை பேசுவதுண்டு. அது சோம்பல், பொறுமைக்கும் சோம்பலுக்கும் வெளித்தோற்றம் ஒன்றாகையால் இப்படி மயங்குகிறார்கள்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் குடிதண்ணீர்க் கேன், கொதிநீருக்காகச் செய்யப்பட்டதன்று. அவர்கள் கையாளுவது, முக்கோணத்துள் 2 என்று குறியிட்ட, உணவுக்கு உரிய ஹெச்.டி.பி.ஈ. என்னும் தடித்த பிளாஸ்டிக். உள்ளிருப்பது ஆறும்போது சுருங்குமாகையால் கேனின் பக்கங்கள் உள்வாங்குகின்றன; வளையத் தெரியாத கண்ணாடி ஜாடியானால் உடைந்துபோகும். கொதிக்கும் இருபது லிட்டரைத் தூக்கி நடப்பதும் விளையாட்டல்ல.

நம் கடற்கரைச் சூட்டில் இம்முறைக்கு எஞ்சும் சங்கடம் ஒன்றே. கேன் எத்தனை நாள் ஆறினாலும், அறையின் சூடாகிய 32, 33 பாகைக்குக் கீழே இறங்காது. சாதாரண ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் இட்டால், வேண்டாத காரமும் பழவாடையும் தலைதூக்கும். இதற்கு விடை நார்வே நாட்டின் மேற்குப் பண்ணைகளிலிருந்து வந்திருக்கிறது என்பது வேடிக்கை. அங்கே குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் என்னும் ஈஸ்ட்டு, 35 பாகைக்கு மேலும் தளராது வேலைசெய்து, இரண்டு மூன்று நாளில் புளிப்பித்து முடித்துவிடுகிறது. பனி மூடிய தேசத்து ஈஸ்ட்டு, அக்கினி நட்சத்திரத்துக்கு ஏற்றதாய் அமைந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் இரண்டு பகலும் இரண்டு இரவும் என்ற கணக்கை நான் நினைவூட்டியபோது, என் மருமகன், "அப்போ அந்த வலைஞர் வீட்டு ஈஸ்ட்டும் சூட்டுக்குப் பழகினதாத்தான் இருந்திருக்கணும் மாமா" என்றான். மறுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை.

அவன் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. அங்கே இப்போது குளிர்காலம். குழாயைத் திறந்தால் சில்லென்ற தண்ணீர் வருமே, இனியாவது அந்தத் தாமிரச் சுருளை வெளியே எடுப்பாயா என்று தொலைபேசியில் கேட்டேன். எடுக்கவில்லையாம். பழகிவிட்டது என்றான். ஆனால் கேனை நிரப்பியவுடன் அதன் பக்கத்தில் கறுப்பு மையால் தேதியையும் மணியையும் எழுதிவைக்கிறானாம்; மறுநாள் அந்த மணி திரும்பி வருமுன் ஈஸ்ட் இடாமல் அவன் படுக்கைக்குப் போவதில்லையாம்.